பெற்றோல் வந்தோடன காணாமப் போன என்ர கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அலஸ்தோட்டத்தில இருந்து திருகோணமலை டவுனுக்கு என்னோட நடந்த தபால் அண்ணை, டீச்சர் அக்கா, ஆஸ்பத்திரி நங்கி, தையல்கடை நானா எல்லாருக்கும்,

வாட்சப்பில எழுதினா ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவீங்க, அதான் ஊரே பாக்கிற மாதிரி இங்க எழுதுறன். கோவிக்காதீங்க. கோவிச்சாலும் பரவாயில்ல, கோவிக்கிறதுக்காவது ஒருநாள் வாங்க.

2022 ஜூன் கடைசிக் கிழமை, அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் இனி எண்ணெய் எண்டு அரசாங்கம் அறிவிச்ச நேரம் என்ர பைக் டாங்கைக் குலுக்கினா சளக் எண்டு ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதுக்கு முதல் ரெண்டு ராத்திரி பெற்றோல் ஷெட் லைனில நுளம்புக்கடியோட படுத்து எழும்பி, எண்ணெய் பவுசர் வரேல்ல எண்டு திரும்பி வந்தவன் நான். இதில பகிடி என்னண்டா சீனன்குடாக் காட்டுக்குள்ள வெள்ளக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது, அந்த வருசம் ஜனவரியிலதான் அதில 61ஐ இந்தியாவோட சேந்து நடத்த ஒப்பந்தமும் போட்டவை, இவ்வளவு தாங்கியையும் பக்கத்தில வச்சுக்கொண்டு திருகோணமலையான் கால்நடையா வேலைக்குப் போறான். ஹார்ட்வெயார் கடையில கணக்கெழுதுறவன் அத்தியாவசிய சேவையில்ல, ஆனா வராட்டி சம்பளம் இல்ல எண்டு முதலாளி சொல்லிட்டார். என்ன செய்ய, நடந்தன்.

முதல் நாள் தனியத்தான். இன்னும் விடியேல்ல, கரண்ட் இல்ல, நிலாவெளி ரோட்டே கும்மிருட்டு, நாய்க்கூட்டம் வேற. போன் டோர்ச்சைப் போட்டா சார்ஜ் போயிடும், கரண்ட் எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. அப்பதான் பின்னால இருந்து நங்கி கூப்பிட்டது, "ஐயே, கூட வரவா, நாய் பயம்" எண்டு அரைத்தமிழில. எனக்குச் சிங்களம் அதை விட மோசம். டவுன் வரைக்கும் ரெண்டு பேரும் பாண் விலை, காஸ் விலை ரெண்டை மட்டும் வச்சே கதைச்சம், விலைக்குப் பாசை தேவையில்லைத்தானே. ரெண்டாம் நாள் தபால் அண்ணை, அதுக்குப் பிறகு டீச்சர் அக்கா, கடைசியா நானா. ஒரே ரோட்டில வருசக்கணக்கா இருந்திருக்கிறம், ஹெல்மெட்டோட பறந்ததில ஒராளின்ர முகத்தை ஒராள் பாக்கேல்ல.

நானா வந்த பிறகுதான் எனக்கு அந்த நடை வேற மாதிரிப் போனது. இதை மற்ற மூண்டு பேருக்கும் நான் சொன்னதில்ல.

2021 ஆகஸ்டில அப்பா கொரோனாவில போனவர். முகத்தைக் காட்டேல்ல. பெட்டியைச் சீல் வச்சுக் கொண்டு போனாங்க, ரெண்டு பேர்தான் வரலாம், அதுவும் தூர நிக்கோணும். பிறகு ஊரடங்கு, கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போய் அந்தியேட்டிக் கடன் செய்யவும் வழியில்ல. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கின கிணறு எண்டு அந்த ஏழு கிணத்தையும் சின்னனில அப்பாதான் எனக்குக் காட்டினவர், அவருக்கே அங்க ஒரு வாளி தண்ணி வாக்கேலாமப் போச்சு. அதோட கோயிலை விட்டன். பத்திரகாளியடியால போனாலும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டுதான் போறது.

ஒருநாள் இதை என்னவோ நானாட்டச் சொல்லிட்டன். அவர் கனநேரம் பேசேல்ல. செருப்புச் சத்தம் மட்டும்தான். பிறகு சொன்னார், அவற்ற உம்மா கொழும்பில மவுத்தானது 2021 ஜனவரியில, எரிச்சுப் போட்டாங்க எண்டு. அந்த நேரம் சட்டம் அப்பிடி, கொரோனாவில மவுத்தான உடலை அடக்க ஏலாது. பெப்ரவரி கடைசியில சட்டத்தை மாத்தி மார்ச்சில ஓட்டமாவடியில அடக்கத் தொடங்கினாங்க. "ஒண்டரை மாசம் தம்பி, ஒண்டரை மாசம் உம்மா பொறுத்திருந்தா" எண்டார், அவ்வளவுதான். எனக்கு எரிச்ச இடத்தில கிட்ட நிக்கக் கிடைக்கேல்ல எண்ட கவலை, அவருக்கு எரிச்சதே கவலை. ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரேல்ல, அவரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல, கடை வாசல் வரைக்கும் சும்மா சேந்து நடந்தம்.

வெள்ளிக்கிழமையில கடை திறக்க முதல் கோட்டைக்குள்ள இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போவம் எண்டு தொடக்கினது டீச்சர் அக்கா. நான் கோட்டை வாசலோட நிக்கிற பிளானிலதான் வந்தன். மரத்துக்குக் கீழ மான் படுத்திருக்கு, அதில ஒண்டு நானாட சொப்பிங் பாக்கைச் சப்பத் தொடங்க அவர் பறிக்க, ஒரே இழுபறி. "நீங்க போய்ட்டு வாங்க தம்பி, உங்கட மானை நான் பாத்துக்கொள்றன்" எண்டு என்னை மேல துரத்தினது அவர்தான். சம்பந்தர் கடலுக்கு அங்கால ராமேஸ்வரத்தில நிண்டு பாடினவர் எண்டு சொல்லுவினம், நான் பக்கத்தில இருந்துகொண்டு ஒரு வருசமாப் போகேல்ல. மேல போய் நிண்டன். கை எழும்பேல்ல. இராவணன் வெட்டு எண்ட மலைப்பிளவுப் பக்கம் போய்க் கடலைப் பாத்துட்டு இறங்கி வந்தன். நானா கேட்டார், "வாப்பாட பேரைச் சொன்னீங்களா?" இல்லையெண்டன். "நான் சுபஹுத் தொழுகையில துஆ கேக்கக்க அவர் பேரையும் சொன்னனான், நீங்க சொல்லலையா?"

அடுத்த வெள்ளி சொன்னன். மோட்ச விளக்கு ரெண்டு ஏத்தினன். மற்றது ஆருக்கு எண்டு ஐயர் கேட்டார், தெரிஞ்ச அம்மா ஒராளுக்கு எண்டன், நட்சத்திரம் கேட்டார், முழிச்சன். நானா, இதை இண்டைக்கு வரைக்கும் உங்கட்டச் சொல்லேல்ல. பிழையெண்டா ஏசுங்க, ஆனா நேரில வந்து ஏசுங்க.

நான் பெரிய பக்தன் ஆகிட்டன் எண்டு நினைக்க வேணாம். தேவாரம் இப்பவும் நாலு வரிக்கு மேல தெரியாது. ஆனா பத்திரகாளியடியில இப்ப தலையைத் திருப்புறதில்ல.

பிறகென்ன, எண்ணெய்க்குக் கியூஆர் பங்கீடு வந்தது. பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். முதல் ஆளாக் காணாமப் போனது தபால் அண்ணைதான், நாலு லீற்றருக்கு எங்களை வித்தவர் எண்டு நான் இப்பவும் சொல்லுவன். டீச்சர் அக்கா ஸ்கூட்டி, நங்கிக்கு வேற ஊருக்கு மாற்றம். 2023 செப்டம்பரில கியூஆரையும் எடுத்தாப் பிறகு நானாவும் முழங்கால் நோ எண்டிட்டார். என்னைப் பெரிய ஒழுங்கானவன் எண்டு சொல்லேல்ல, நானும் பைக்கிலதான் போறன். சிக்னலடியில ஒராளை ஒராள் கண்டா ஹோர்ன் அடிக்கிறம். ஹோர்னில என்னத்தக் கதைக்கிறது?

வாற வெள்ளி காலமை அஞ்சரைக்கு பத்திரகாளியடியில நிப்பன். அலஸ்தோட்டத்தில இருந்து நடக்கச் சொல்லேல்ல, பைக்கை அங்க விட்டுட்டுக் கோட்டை வரைக்கும் வந்தாப் போதும். அண்ணை, பிளேன்ரீ உங்கட செலவு, பழைய கடன் இருக்கு. நங்கி, லீவில வந்தா சொல்லுங்க. நானா, சொப்பிங் பாக் கொண்டு வராதீங்க.