கயிறு யார் கையில்?

பாம்பன்
மாசி 12

அன்புள்ள கனி,

பொங்கலுக்கு நீ அனுப்பிய நீளமான குரல் செய்திக்கு நான் பதிலே போடவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. தை மாதம் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே "அது ஒண்ணும் இல்லடி" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் ஊர்ச் செய்தி. எல்லோரும் நலம். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. கப்பல் வந்தால் நடுப்பாலம் அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. பழைய பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்களே, நாம் பள்ளிக்கூடத்தை மறந்து நின்று பார்ப்போமே, அது இனி இல்லை. நாமக்கட்டி வாத்தியார் ரிட்டயர் ஆன பிறகும் கடைப் பலகைகளில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். டிக்கெட் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று உன் அம்மா சொல்லியிருப்பார். காய்ச்சல் இல்லை கனி. குளிர். நம் ஊரில், நம் கடலில், குளிர் ஏறி நினைவு தப்பப் பார்த்தது.

தை அமாவாசை முடிந்த இரண்டாம் நாள். பாசி எடுக்கிற நாட்கள்தானே, கடல் நன்றாக வற்றியிருந்தது. குந்துகால் பக்கம் கரையிலிருந்தே பெரியம்மாவும் மற்றவர்களும் இறங்கினார்கள். விடியும்போதே வாடைக்காற்று பிடித்திருந்தது. வாடைக்குத் தென்கடலில் கரையோரம் பெரிதாக அலை எழும்பாது என்பதால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஒரே கலங்கல். மரிக்கொழுந்துப் பாசி கண்ணுக்கே தெரியாமல் பாறையைக் கையால் தடவித் தடவி எடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் நிரம்புகிற பை ஐந்து மணி நேரமாகியும் நிரம்பவில்லை. பை நிரம்பாமல் பெரியம்மா கரை ஏறுவாளா?

நான் எடை போட உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் ஏறி வந்து தென்னை மட்டையைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா கடைசியாக வந்தாள். நடை சரியில்லை. மணலில் கால் புதைகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவளால் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் அவிழ்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது அந்தக் கை. "எத்தனை கிலோ வரும் பெரியம்மா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து "கதவைச் சாத்து" என்றாள். கடற்கரையில் நின்றுகொண்டு, கனி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நடுக்கம் இல்லை. அதைப் பார்த்து நல்லவேளை என்றுகூட நினைத்தேன். தண்ணீருக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததைச் சித்தி பார்த்திருக்கிறாள். அப்புறம் அது நின்றிருக்கிறது. நாங்கள் கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தோம். எல்லோரும் செய்வதுதானே. ஆஸ்பத்திரியில் டாக்டர் அதற்குத்தான் முதலில் திட்டினார். கை கால்களில் நிற்கிற குளிர்ந்த ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்து நெஞ்சுக்கு அனுப்பினால் இதயம் தடுமாறுமாம். ஈரத் துணியைக் கழற்றி, படுக்க வைத்து, போர்த்தி, நெஞ்சையும் வயிற்றையும்தான் முதலில் கதகதப்பாக்க வேண்டுமாம். நடுங்குகிற வரை உடம்பு போராடுகிறது, நடுக்கம் நின்ற பிறகும் குளிர் விடவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும் என்றார். உடம்பின் சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினாலே பேச்சு குழறும், புத்தி தடுமாறும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சுமாம். தையில் நம் கடல் 26 டிகிரி இருக்கும். அந்த வெதுவெதுப்பான தண்ணீரே ஐந்து மணி நேரத்தில் பெரியம்மாவை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் மறுநாள் அவள் சொன்னது என் மனதைவிட்டுப் போகவே இல்லை. "எனக்கு என்னடி ஆச்சு? நான் நல்லாத்தானே இருந்தேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. நாற்பது வருடம் கடலில் இறங்கியவளுக்கு, காற்றின் நிறம்கூடத் தெரியும் என்று நாம் சொல்வோமே அவளுக்கு, தன் உடம்பு கைவிட்டது தெரியவே இல்லை. அவளுக்குத் தெரியும் முன்னால் குளிர் அவள் புத்தியை எடுத்துக்கொண்டது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று புரிந்திருக்கும்.

மார்ச் முதல் வாரம் உங்கள் ஸ்காட்லாந்தில், லாக் ஃபைன் என்கிற அந்த இடுக்குக் கடலில், கரையிலிருந்து சிலிண்டரோடு இறங்கப் போவதாகச் சொல்லியிருந்தாய். துணைக்கு வருகிறவளுக்கு டூட்டி மாறிவிட்டது, பரவாயில்லை, கரையோரம் 6 மீட்டர்தான், தனியாகவே 20 நிமிடம் போய்விட்டு வந்துவிடுவேன் என்று. அந்தத் "தனியாகவே" என்ற சொல்லை எவ்வளவு லேசாகச் சொன்னாய்! அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. மாசியில் நம் கடல் எப்படி இருக்கும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வாடை ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழும்பாத அந்தக் கொஞ்ச நாள். விடியற்காலை தென்கடல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நிற்கும். இடுப்பளவு ஆழத்தில் நின்று குனிந்தால் கால் நகம் தெரியும், அதற்கும் கீழே கஞ்சிப்பாசி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுவது தெரியும், அது சாய்கிற பக்கத்தை வைத்தே பெரியம்மா நீவாடு, அதான் நீரோட்டம், சொல்வாள். கரைக்கு வந்ததும் உடனே இறங்க மாட்டாள் அல்லவா? கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். நுரை எந்தப் பக்கம் ஓடுகிறது, தூரத்தில் தண்ணீர் பச்சையா வெளுப்பா, தீவுப் பக்கம் மேகம் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சில நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். நாம் சிணுங்குவோம். திரும்பிப் போகத் தெரிந்தவள்தான் அவள். அந்தத் தை நாளில் மட்டும் ஏனோ திரும்பவில்லை. வீட்டுக்கடன் தவணை வேறு இருந்தது.

உன் கடலும் இந்த நாட்களில்தான் தெளிவு என்கிறாய். ஏன் என்று தேடிப் படித்தேன். குளிர்காலம் முழுக்க வெயில் குறைவு, தண்ணீரில் மிதக்கிற நுண்பாசி பெருகாது. ஏப்ரலில் பகல் நீண்டதும் அது ஒரேயடியாகப் பூத்துக் கடலைப் பச்சையாக்கிவிடும். அதற்கு முன்னால் இறங்கினால் தூரம் தெரியும். சரி. ஆனால் அந்தத் தெளிவோடு சேர்ந்து வருவது வருடத்திலேயே மிகக் குளிர்ந்த தண்ணீர். வெயில் வந்துவிட்டது, பூ பூத்துவிட்டது, வசந்தம் என்று நீ சொல்வதெல்லாம் கரைக்குத்தான் பொருந்தும். மீன் குழம்பு மண்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருக்குமே, கடலும் அப்படித்தான். சூடாகவும் தாமதம், ஆறவும் தாமதம். உங்கள் பக்கத்துக் கடல் பிப்ரவரி, மார்ச்சில்தான் அடிமட்டத்துக்கு இறங்கி 7 டிகிரியில் நிற்கிறது. போதாததற்கு மலையில் உருகுகிற பனித்தண்ணீர் வேறு அந்த இடுக்குக் கடலில் மேலாக வந்து படர்கிறது.

உன்னிடம் டிரை சூட் இருக்கிறது, உள்ளே கம்பளி இருக்கிறது, உடம்பு நனையாது. தெரியும். கழுத்துப் பட்டையிலோ மணிக்கட்டிலோ ஒரு கிழிசல் விழுந்தால்? உடை தண்ணீர் குடித்துவிட்டால் நீயும் பெரியம்மாவும் ஒன்றுதான். வித்தியாசம், அவளுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது உனக்குப் பத்து நிமிடத்தில் விரலிலிருந்து தொடங்கிவிடும். அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே பட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாகவே வாரி இழுக்குமாம், மனதால் அடக்க முடியாதாம். தண்ணீருக்கடியில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டர் விஷயமும் படித்தேன். அழுத்தி அடைத்த காற்று விரியும்போது தானே இன்னும் குளிர்கிறது. தண்ணீரும் குளிராக இருந்தால் உள்ளே பனி உறைந்து, வால்வு திறந்தபடியே நின்று, சிலிண்டர் காற்று முழுக்கக் கொட்டிவிடும். ஐரோப்பாவில் 10 டிகிரிக்குக் கீழே என்றாலே குளிர்நீர் என்று தனியாகச் சோதித்துத்தான் அந்தக் கருவியை விற்கிறார்கள். உன்னுடையது அப்படிச் சோதித்ததா? போன வருடம் மாலத்தீவுக்குப் போனபோது வாங்கியது என்று சொன்ன நினைவு. அதைக் கொண்டுபோய் அங்கே இறங்காதே கனி.

இன்னொன்று. நீ இறங்கப் போவது பௌர்ணமியை ஒட்டி. இங்கே பௌர்ணமிக்குக் கடல் வற்றினாலும் ஏறினாலும் இடுப்பளவுகூட வராது. உங்கள் ஊரில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும், மார்ச்சில் அது இன்னும் கூடுதல். இறங்கின பாறை வேறு, ஏறப் போகிற பாறை வேறாக இருக்கும். மரத்துப்போன கையோடு, முதுகில் சிலிண்டரோடு, பாசி வழுக்குகிற பாறையில் ஏறுவதை நினைத்துப் பார்.

சங்குத் தாத்தா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் முத்துக் குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் மச்சான் கண் அசர மாட்டான். இறங்குகிறவனுக்கு மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று அவனைவிட மேலே இருக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும் என்பார் தாத்தா. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. பெரியம்மா "கதவைச் சாத்து" என்று சொன்னபோது புரிந்தது. தன் குளிர் தனக்குத் தெரியாது. அடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அதனால் இங்கே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இருவர் இருவராகத்தான் இறங்குகிறார்கள். நீந்தத் துடுப்பு மாதிரி காலில் கட்டுகிற தகரத் தட்டில் பழையது ஒன்றை எடுத்து, மணிக்கு ஒரு தரம் நான் கரையிலிருந்து தட்டுகிறேன். எல்லோரும் கை தூக்கித் தன் ஜோடியின் பெயரைச் சொல்ல வேண்டும். குழறினால், தாமதித்தால், அந்த ஜோடி கரை ஏற வேண்டும், பை பாதி இருந்தாலும் சரி. முதல் நாள் பெரியம்மா ஏற மறுத்தாள். சித்தி இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று வருமானம் குறைவுதான். குழுக் கணக்கில் அதை நான் பெருமையோடு எழுதினேன்.

உனக்கு யார் தட்டுவது?

போகாதே என்று நான் சொல்லவில்லை. கல்லில் வயிற்றால் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் முட்டைக்குக் காவல் இருக்கிற அந்த ஆண் மீனைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாயே, அதைப் பார். நம் கடல்குதிரையும் ஆண்தானே வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கிறது, அதன் பங்காளி போலிருக்கிறது. படம் எடுத்து அனுப்பு, பெரியம்மாவுக்குக் காட்ட வேண்டும். ஆனால் துணைக்காரிக்கு லீவு கிடைக்கிற வாரம் போ. தண்ணீர் பச்சையானால் ஆகட்டும். அந்த மீன் அடுத்த மாசியிலும் கரைக்கு வரும்.

துணையோடு இறங்கினாலும், விரலால் கொக்கியைத் திறக்க ஒருமுறை தவறினால் அத்தோடு ஏறிவிடு. ஏறியதும் நடுங்கிக்கொண்டு வெந்நீரில் போய் நிற்காதே. வெளியே வந்த பிறகும் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டுதான் இருக்குமாம். உலர்ந்த துணி, தலைக்குக் குல்லா, இனிப்பாக ஏதாவது. உன் அம்மா மூலம் கருப்பட்டி இரண்டு வட்டு அனுப்பியிருக்கிறேன், சுக்கும் சேர்த்து. பிளாஸ்கில் போட்டுக் காரில் வைத்துக்கொள்.

இறங்கும் முன் ஒரு செய்தி போடு. ஏறியதும் ஒரு செய்தி. அங்கே காலை 10 என்றால் இங்கே மாலை 3.30. எடை வேலை முடிந்து பாசியைக் காயப் போடுகிற நேரம், போன் கையில்தான் இருக்கும். நீ சொன்ன நேரத்துக்கு இரண்டாவது செய்தி வராவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நம்பரும் அனுப்பிவை. நாளைக்கே.

உன்
பாக்கியம்

பி.கு.: 7 டிகிரி என்றால் எப்படி இருக்கும் என்று பெரியம்மா கேட்டாள். பிரிட்ஜில் இருந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கையை வைக்கச் சொன்னேன். நாலு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். "அந்தப் பிள்ளை முகத்தை இதுக்குள்ளயா வைக்குது?" என்று கேட்டுவிட்டு, உன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.