பினேயின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் பினே பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (எங்கள் பயிற்சிக் காலத்துப் பாடநூலில் அவர் 'பினெட்'டாகத்தான் இருந்தார். பெயரைச் சரியாக அச்சிட்டதற்கு நன்றி.) ஆனால் ஐ.க்யூ.வை, அதாவது அறிவை ஓர் எண்ணாகச் சொல்லும் நுண்ணறிவு ஈவை, கண்டுபிடித்தவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பினே 1911இல் இறந்துபோனார். மன வயதை (ஒருவரின் அறிவு எந்த வயதுப் பிள்ளைக்கு நிகர் என்பதை) உண்மை வயதால் வகுக்கலாம் என்று ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னது 1912இல். அதை நூறால் பெருக்கி அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் புழக்கத்துக்கு விட்டது 1916இல். பெறாத பிள்ளைக்கு அவரைத் தகப்பனாக்கிவிட்டோம்.

வெறும் ஆண்டுக் கணக்காக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பாரிஸில் 1905இல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து பினே வெளியிட்ட அளவுகோலில் முப்பது பணிகள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் தொடர்கின்றனவா என்பது முதல் பணி. சாக்லெட் துண்டுக்கும் மரத்துண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பது இன்னொன்று. சாதாரண வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக மட்டுமே அந்தச் சோதனை. நீளத்தை அளப்பதுபோல அறிவை அளக்க முடியாது என்று அவரே எழுதிவைத்தார். தொல்லை தரும் பிள்ளைகளைக் கழித்துக்கட்ட ஆசிரியர்கள் இதைச் சாக்காக்கிக்கொள்ளக்கூடும் என்றும் அப்போதே அஞ்சினார். முப்பது ஆண்டுகள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவள் என்ற முறையில், மனிதர் எங்களை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார் என்பேன்.

சோதனை அமெரிக்காவுக்குக் கப்பலேறியது, எச்சரிக்கை ஏறவில்லை. கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. அவளுடைய மன வயது ஒன்பது என்று, பினேயின் சோதனைக்கு டெர்மன் உருவாக்கிய அமெரிக்கப் பதிப்பு காட்டியதும் அந்த வழக்கில் சான்றுகளில் ஒன்று. அதே பதிப்பைத் தழுவித்தான் தார்வாடில் காமத் என்பவர் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்ற ஒரு சோதனையை அமைத்தார். சுதந்திரத்துக்கு முந்தைய அந்த பினே-காமத் சோதனை இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் ஒன்றுக்கு என் வகுப்புப் பையனை அழைத்துச் சென்றதைச் சொல்கிறேன். எட்டு வயது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தான், காலையில் சாப்பிட்டிருக்கவில்லை. வெளியே நீண்ட வரிசை. "விறகுக்கும் கரிக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டார்கள். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சண்டை போடாமல் இருக்க வேண்டும்" என்றான். மதிப்பெண் பூஜ்யம். ஒற்றுமை என்ற சொல்லை அவன் கேள்விப்பட்டதே 'ஒற்றுமையே பலம்' கதையில்தான். கதை சொல்லிக்கொடுத்தவள் நான். திரும்பும் பஸ்ஸில், "விறகையும் கரியையும் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். "இரண்டையும் எரிப்பார்கள், டீச்சர். கரி இஸ்திரிக்காரரிடம் இருக்கும்" என்றான்.

சோதித்தவரைக் குறை சொல்லவில்லை. அந்த வரிசையை வைத்துக்கொண்டு யாராலும் அதற்குமேல் முடியாது. பையனின் அம்மாவுக்கு வேறு கவலை. "எண் கூடிவிட்டால் உதவித்தொகை கிடைக்காதா, டீச்சர்?" என்று காதோடு கேட்டார். மகன் கெட்டிக்காரன் என்று தெரியவந்தால் மாதச் செலவுக்கு இடிக்கும் என்று ஒரு தாய் பயப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கையில் வந்த தாளில் ஓர் எண் இருந்தது. பரிந்துரை என்ற இடத்தில் 'சிறப்புக் கல்வி' என்று இரண்டே சொற்கள். அதைத் தர வேண்டிய சிறப்பு ஆசிரியையே நான்தான்! அவனுக்கு எது வருகிறது, எது வரவில்லை, எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு ஒரு வரி இல்லை.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட பாதி இங்கேதான் வருகிறது. குழந்தைகளைப் பற்றி பினே 1909இல் வெளியிட்ட நூலில், அறிவு பிறவியிலேயே அறுதியிடப்பட்டது, கூட்ட முடியாது என்பவர்களோடு மல்லுக்கு நிற்கிறார். அது கொடூரமான அவநம்பிக்கை என்கிறார். கூனிய முதுகை நிமிர்த்துவதுபோல மனத்தையும் பழக்கி நிமிர்த்தலாம் என்று சிறப்பு வகுப்புகளுக்குப் பயிற்சிகள் சொல்கிறார். அவற்றில் ஒன்று சிலை விளையாட்டு. சைகை காட்டியதும் பிள்ளைகள் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். கவனத்தைப் பிடித்து நிறுத்தப் பழகாதவனுக்கு எழுத்தும் கணக்கும் பிறகுதான் என்பது அவர் கட்சி. நம் தெருப் பிள்ளைகள் 'ஸ்டாச்சு' என்று கத்திவிட்டு உறைந்து நிற்பார்களே, ஏறக்குறைய அதேதான். இது பாடத்திட்டத்தில் சேர்ந்த விஷயம் என்று பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவரை பிள்ளைகளைச் சமாளிக்க நானே கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரின் ஆய்வு எத்தனை மொழிகளுக்குப் போனது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டிருக்கிறார். போகட்டும். சான்றிதழில் எண்ணுக்குக் கீழே நாலு வரி எழுத இடம் விட வேண்டும், அந்த நாலு வரியை எழுதச் சோதிப்பவருக்கு நேரம் தர வேண்டும் என்று அதிகாரிகளின் காதில் விழும்படி அடுத்த இதழில் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு ஆசிரியை,
விருதுநகர்.