தூளிக்கு இரண்டு சேலை

வியாசர்பாடி,
புரட்டாசி 14

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். பேத்திக்கு என் முத்தம். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்த்தாயா என்பதை மட்டும் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இலங்கைத் தமிழர்கள் இருக்கும் புழல் முகாமுக்கு நாங்கள் பொருள் சேர்ப்பது தெரிந்து இரண்டு மூட்டை சேலை கட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அனுப்பாதே. கோபப்படாமல் முழுவதையும் படி.

போன ஆண்டு நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். தெருத்தெருவாகச் சொன்னோம், மூட்டைகள் வந்து குவிந்தன. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு பெண்கள் பிரித்தோம். கொக்கி அறுந்த ரவிக்கைகள், ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த ஷாம்பு, காலம் கடந்த மாத்திரை அட்டைகள். நல்ல மனத்தோடு கொடுத்தவர்களும் நிறைய இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாதி மூட்டை எவருக்கும் கொடுக்கக்கூடியதாக இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கம்பளிச் சட்டைதான் நினைவில் நின்றது.

அதை நீயும் பார்த்திருக்கிறாய், எங்கள் பரணில் தகரப்பெட்டிக்குள் இருந்ததே, அதுதான். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது, 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தாத்தாவின் வாழ்நாள் சம்பாத்தியம் வெறும் காகிதமாயிற்று. மறு ஆண்டு அம்மா ரங்கூனில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது சித்திரை வெயில். யாரோ ஒரு புண்ணியவதி கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. இன்னொருவர் அரிசி கொடுத்தார், ஆனால் அதைப் பொங்கப் பானை இல்லை. பக்கத்துக் குடும்பத்தின் பானை காலியாகும்வரை பசியோடு காத்திருந்ததை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இந்த முறை முதலில் கேட்டோம். முகாமுக்குள் வெளியாட்கள் நினைத்தவுடன் போய்விட முடியாது, அனுமதி வேண்டும். அது கிடைத்ததும் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, மூலக்கடை, மாதவரம் வழியாக முகாம் இருக்கும் காவாங்கரைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போனோம். மன்னாரிலிருந்து 1990-இல் படகேறி வந்த ஓர் அக்காதான் எங்களை வீடு வீடாக அழைத்துப் போனார். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிவு செய்து பிறகு இங்கே வந்தவர். அவர் சொன்ன முதல் பொருள் என்ன தெரியுமா? குக்கர் காஸ்கெட். “பிள்ளை, அரிசி கிடைக்கிறது. குக்கரில் ஆவி நிற்கவில்லை, எரிவாயு இரட்டிப்பாகச் செலவாகிறது” என்றார். என் அம்மாவின் பானையே திரும்பி வந்து கேட்டதுபோல இருந்தது எனக்கு.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கொசுவலை, தார்பாய், அளவு சொல்லி உள்ளாடை. சானிட்டரி நாப்கின் பற்றிப் பேச்சு வந்தபோது பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களோடு வந்த ஆண்களைத் தேநீர்க் கடைக்கு அனுப்பிய பிறகுதான் அவர்கள் வாய் திறந்தார்கள். முதியவர்கள் கேட்டது வாசிப்புக் கண்ணாடி. பெரம்பூரில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பெட்டியோடு வந்து அங்கேயே பார்த்துக் கொடுத்தார்.

மாதந்தோறும் அரசு உதவித்தொகை வருகிறது. 2021-இல் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரையும் அந்த ஆகஸ்டில்தான் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதுதான், அந்தச் சொல் பிள்ளைகளை எவ்வளவு சுட்டிருக்கும் என்று நினைத்துப் பார்.

ஆனால் ஒன்று என் நெஞ்சை விட்டுப் போக மறுக்கிறது. அந்த அக்காவின் மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவன், இப்போது பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். அவன் இந்தியக் குடிமகன் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. நம் பெற்றோரைத் தாயகம் திரும்பியோர் என்று சொல்லி ஏற்றுக்கொண்டது இந்த ஊர். உனக்கும் எனக்கும் ரேஷன் அட்டையும் வாக்கும் கேள்வியில்லாமல் கிடைத்தன. அவர்களும் கடல் தாண்டி, உயிர் பிழைக்கத்தான் வந்தார்கள். ஒரு காஸ்கெட்டால் இதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன ஞாயிறு பொருட்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. வீட்டு எண் எழுதிய பையை அந்தந்த வீட்டிலேயே கொடுத்தோம். உடன் வந்த கல்லூரி மாணவன் ஒருவன் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினான். உள்ளே வை என்றேன். கேள்வி கேட்காமல் வைத்துவிட்டான், நல்ல பிள்ளை.

ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை போகிறோம். நீ அனுப்புவதானால் இதை அனுப்பு: காஸ்கெட், 3 லிட்டரும் 5 லிட்டரும். குக்கரின் கம்பெனி மாறினால் பொருந்தாது, எந்தக் கம்பெனிக்கு எத்தனை என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முடிந்தால் நல்ல டார்ச் நான்கு.

சேலையும் கேட்டிருக்கிறார்கள், ஆனால் இரண்டே இரண்டு. முகாமில் இரண்டு பெண்கள் மாதமாக இருக்கிறார்கள். தூளி கட்டப் பழைய பருத்திச் சேலை கிடைக்குமா என்று அந்த அக்கா கேட்டார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதுதான் வேண்டுமாம். உன் மூட்டையில் இருப்பதில் மிகவும் மென்மையான இரண்டை எடுத்து வை. உன் பேத்திக்குக் கட்டியது போக மிச்சம் இருந்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி