மூன்று நிமிட ஆதித்ய ஹ்ருதயம்: தங்கை மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை நேற்று ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது, மனப்பாடமும் ஆகிவிட்டது. ஆனால் ஆதித்ய ஹ்ருதயம் என்கிற அந்தச் சூரிய துதியின் 31 சுலோகத்தையும் 3 நிமிடத்தில் முடித்துவிட்டாயே, யாராவது துரத்தினார்களா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுலோகத்துக்கு 32 அட்சரம், கடைசி ஒன்று மட்டும் 50. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. அப்படியானால் வினாடிக்கு ஐந்தாறு அட்சரம் உன் வாயிலிருந்து பறந்திருக்கிறது. சாவகாசமாகச் சொன்னால் ஏழெட்டு நிமிடமாவது ஆகும்.

"சரியாகச் சொல்கிறேனா பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். மெட்டு சரியா, எண்ணிக்கை சரியா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு சொல்லும் உடையாமல், நசுங்காமல் வெளியே வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பாணினீய சிக்ஷை என்று உச்சரிப்புக்கென்றே ஒரு பழைய நூல் இருக்கிறது. அதில் ஓதுபவர்களில் மட்டமானவர்கள் ஆறு பேர் என்று ஒரு பட்டியல் வரும். பாட்டாக இழுப்பவன், வேகமாக ஓட்டுபவன், தலையை ஆட்டுபவன், ஏட்டைப் பார்த்தே படிப்பவன், அர்த்தம் தெரியாதவன், குரல் எழும்பாதவன். உன்னிடம் இருப்பது இரண்டாவது குற்றம் மட்டும்தான். என்னிடம் ஒரு காலத்தில் நாலு இருந்தது, எந்த நாலு என்று கேட்காதே. அதே நூலில் ஓர் உவமையும் உண்டு. பெண் புலி குட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு போகும்போது குட்டி கீழேயும் விழாது, பல்லும் பதியாது. எழுத்துகளை அப்படி உச்சரிக்க வேண்டுமாம்.

சரி, உன் பதிவுக்கு வருகிறேன். நீ தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தை வைத்துத்தான் படித்திருக்கிறாய், கேட்டதுமே தெரிந்துவிட்டது. பத்தாவது சுலோகத்தில் "ஆதித்ய: ஸவிதா ஸூர்ய: கக: பூஷா கபஸ்திமான்" என்று வருகிறதே, அதில் அந்த "கக:" உன் வாயில் காக்கை கரைகிற மாதிரி இருந்தது. பாவம், உன் மேல் தப்பில்லை. நம் எழுத்தில் க ஒன்றுதான், அங்கே நாலு. இந்தச் சொல்லில் முதல் க இரண்டாவது வகை, அடுத்த க மூன்றாவது வகை. க² என்றால் ஆகாயம், க³ என்றால் போகிறவன். ஆகாயத்தில் சஞ்சரிப்பவன் என்று அர்த்தம். பறவைக்கும் அதே பெயர்தான். உள்ளங்கையை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார். முதல் எழுத்துக்குக் கையில் காற்றுப் பட வேண்டும், இரண்டாவதற்குத் தொண்டையில் அதிர்வு வர வேண்டும். எழுத்துக்கு மேலே 2, 3, 4 என்று பொடியாக எண் போட்ட பதிப்புகள் கடையில் கிடைக்கின்றன. பார்க்கக் கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தாலும் அதையே வாங்கு.

இந்தத் துதியின் நடு மையம் 16 முதல் 21 வரையுள்ள ஆறு சுலோகங்கள். வரிசையாக நமஸ்காரம். அங்கே "நம:" என்ற ஒரே சொல், பக்கத்தில் யார் வந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்து முகம் மாற்றிக்கொண்டே போகும். "நமோ நம:" என்னும் இடத்தில் முதலாவது நமோ ஆகிவிட்டது. "நம உக்ராய வீராய" என்னும் இடத்தில் உயிரெழுத்து பின்னால் வருவதால், சொல்லின் கடைசியில் ஹ போல ஒலிக்கும் அந்த இரண்டு புள்ளி காணாமலே போய்விட்டது. நீ புத்திசாலித்தனமாக அங்கே ஒரு ஹ சேர்த்து "நமஹ உக்ராய" என்கிறாய், வேண்டாம். "நமஸ்தமோபிநிக்னாய" என்னும் இடத்தில் அது ஸ் ஆகிறது. "நம: பூர்வாய கிரயே" இருக்கிறதே, அது எனக்குப் பிடித்த இடம். ப-வுக்கு முன்னால் வரும் அந்த இரண்டு புள்ளியை உதட்டைக் குவித்து ஊதுகிற மாதிரி, ஏறக்குறைய "நமஃப்" என்று சொல்ல வேண்டும். நம் ஆய்த எழுத்து அங்கே எப்படிப் பொருந்துகிறது பார்! வரி முடிவில் வரும் "நம:" மட்டும்தான் "நமஹ" என்று லேசாக எதிரொலிக்கும். அதையும் "நமஹா" என்று நீட்டிவிடாதே.

அடுத்தது, மூச்சு விடுகிற இடம். வேகமாகச் சொன்னால் மூச்சு முட்டும். முட்டுகிற இடத்தில் சொல்லை வெட்டுவோம், அர்த்தம் கவிழ்ந்துவிடும். இருபதாவது சுலோகம்:

தமோக்னாய ஹிமக்னாய சத்ருக்னாயாமிதாத்மனே
க்ருதக்னக்னாய தேவாய ஜ்யோதிஷாம் பதயே நம:

இருட்டை அழிப்பவன், பனியை அழிப்பவன், பகையை அழிப்பவன், அளவில்லாத ஆத்மா உள்ளவன், நன்றி மறந்தவனை அழிப்பவன், ஒளிகளுக்கெல்லாம் தலைவன். நீ "சத்ருக்னாயா" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "மிதாத்மனே" என்றாய். அமித என்றால் அளவில்லாத. மித என்றால் அளவுக்குட்பட்ட. அரை வினாடி மூச்சில் சூரியனை அளந்து டப்பாவில் போட்டுவிட்டாய். "சத்ருக்னாய, அமிதாத்மனே" என்று பிரித்துப் பத்து தடவை சொல், அப்புறம் சேர்த்து ஒரே மூச்சில் சொல். பத்தொன்பதில் வரும் "ப்ரஹ்மேசானாச்யுதேசாய" என்பதையும் ப்ரஹ்ம, ஈசான, அச்யுத, ஈசாய என்று நாலாக உடைத்துப் படித்துக்கொள். பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் ஈசன் என்கிறது. அர்த்தம் பிடிபட்டால் நாக்கு தானாகவே வழிக்கு வரும். மூச்சு எப்போதும் பாதி சுலோகத்தில், அதாவது 16 அட்சரம் முடிந்த இடத்தில்.

உன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. நான் வருடக்கணக்காக "தினாதிபதயே நம:" என்பதை "தீனாதிபதயே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மெட்டுக்கு அந்த நீட்டல் சுகமாக இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஒரு வயதான வாத்தியார் ஒருநாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அம்மா, பகலுக்கு அதிபதியைப் பரதேசிகளுக்கு அதிபதியாக ஆக்கிவிட்டீர்களே!" என்றார். தினம் என்றால் பகல், தீன என்றால் கதியற்ற. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் அந்த வரி வந்தால் மதில் பக்கம் ஒரு கண் போகும்.

ஹ்ருதயம் என்பதை ஹ்ரு என்பதா ஹ்ரி என்பதா என்று கேட்டிருந்தாய். தெற்கே ரு, வடக்கே ரி. சண்டை போடாமல் நம் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டு போ.

அப்புறம் குளியல். விடியற்காலை ஷிப்ட்டுக்குப் போகிற நாளில் குளிக்காமல், பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லலாமா என்கிறாய். இந்தத் துதி எங்கே பிறந்தது என்று யோசித்துப் பார். வால்மீகி ராமாயணத்து யுத்த காண்டம், பதிப்பைப் பொறுத்து 105 அல்லது 107ஆவது சர்க்கம். எதிரே ராவணன் நிற்கிறான். தேவர்களோடு சண்டை பார்க்க வந்த அகத்தியர் (நம் பொதிகைக்காரர்தான்) ராமன் பக்கத்தில் வந்து சொல்லிக் கொடுக்கிறார். பூஜை அறையும் இல்லை, பலகையும் இல்லை. கேட்டதும் ராமன் அதை மனத்தில் வாங்கிக்கொண்டான், சூரியனைப் பார்த்து ஜபித்தான், மூன்று முறை ஆசமனம் செய்து (உள்ளங்கையில் நீர் எடுத்துப் பருகி) சுத்தமானான், வில்லை எடுத்தான். குளித்த செய்தி அதில் இல்லை. போதாததற்கு 25ஆவது சுலோகம் ஆபத்து, கஷ்டம், காடு, பயம் என்று நாலு இடம் சொல்லி, அங்கே இதைச் சொல்கிறவர் யாரானாலும் சோர்ந்து போகமாட்டார் என்கிறது. காட்டுக்கு அனுமதி உண்டென்றால் பஸ்ஸுக்கு இல்லாமல் போகுமா? வீட்டில் இருக்கிற நாளில் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்துச் சொல். மற்ற நாளில் வாயைக் கொப்பளித்துவிட்டு மனசுக்குள் சொல். இது என் அபிப்பிராயம். உன் மாமியார் வேறு சொன்னால் அங்கே என் பெயரை இழுக்காதே.

எத்தனை தடவை என்பதையும் அகத்தியரே சொல்லிவிட்டார், மூன்று. அதே சுலோகத்தில் "ஏகாக்ர:" என்றும் ஒரு சொல் இருக்கிறது, மனசு ஒரே முனையில் நிற்க வேண்டும் என்று. நேரம் இல்லாவிட்டால் ஒரு தடவை போதும். மூன்றை மூன்று நிமிடத்தில் அடைக்க வேண்டாம், உனக்கு அந்தத் திறமையும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். சூரியனைப் பார்த்துச் சொல் என்றால் சொல்லி முடிக்கிற வரை உற்றுப் பார்ப்பதில்லை. வெறும் கண்ணால் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தால் விழித்திரை வெந்துபோகும், வலிகூடத் தெரியாது, போன பார்வை திரும்பாமலும் போகலாம். உதிக்கிற பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள். மூடிய இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியும், அது போதும்.

உன் சிநேகிதி அருணப் பிரச்னமும் போனில் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்றாளாமே. அது வேறு சங்கதி. அது வேதம், தைத்திரீய ஆரண்யகத்தில் வருவது, ஏற்ற இறக்க ஸ்வரம் தவறக் கூடாது, குரு முன்னால் உட்கார்ந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆதித்ய ஹ்ருதயம் இதிகாச சுலோகம், அந்த ஸ்வரக் கட்டு இதற்கு இல்லை. கேட்டுக் கற்கலாம், ஆனால் பாட்டுக் கச்சேரியாகப் பதிவு செய்ததைக் கேட்காதே, நிதானமாகப் பதம் பதமாகச் சொல்வதைக் கேள்.

இந்த வாரம் முழுசும் வேண்டாம். 16 முதல் 21 வரை ஆறே சுலோகம். ஞாயிற்றுக்கிழமை காலை பதிவு செய்து அனுப்பு. ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் திறந்துகூடப் பார்க்கமாட்டேன்.

அன்புடன்,
பெரியம்மா