எல்லா விளையாட்டையும் ஒரே தீர்மானத்தில் அடைக்காதீர்கள்

நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில், மாணவர்கள் எந்த ஆன்லைன் விளையாட்டும் ஆடக்கூடாது, ஆடுவது தெரிந்தால் பெற்றோரை வரவழைத்துக் கண்டிப்பது என்று தீர்மானம் போட்டோம். நானும்தான் கை தூக்கினேன். என் அக்கா மகன் பதினோராம் வகுப்பு. அக்காவும் மாமாவும் திருப்பூரில் வேலை பார்ப்பதால் அவன் மன்னார்குடியில் என்னோடுதான் இருக்கிறான். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், "சித்தி, நான் ஆடுறது என்னன்னு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். என் இ-சேவை மையத்துக் கணினியில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கி மூன்று வாரம் ஆடினேன். தூக்கிய கையை இறக்கிக்கொள்ளத்தான் இந்த மடல்.

விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரத்து நிறுவனம் 2003இல் வெளியிட்டது. விண்வெளிக் கப்பல்களை வைத்துச் சண்டை, வியாபாரம், சுரங்கம் எல்லாம் உண்டு. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வானத்தில்தான் இருக்கிறார்கள். 2016 நவம்பரிலிருந்து காசு கட்டாமலும் சேரலாம். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். தினமும் நம் நேரப்படி மாலை 4.30க்கு பராமரிப்புக்காகச் சிறிது நேரம் சர்வரை நிறுத்துகிறார்கள். இவன் பள்ளி விட்டு வந்து சைக்கிளை நிறுத்துகிற நேரம் அது. டீ கொடுத்து, அவனை வீட்டுப்பாடத்தில் உட்கார வைக்க எனக்கு அது வசதியாகப் போயிற்று.

நான் பயந்தது போல விரல் ஓயாமல் சுடுகிற ஆட்டம் இல்லை. எதிரியைக் குறிவைக்கவே சில நொடி ஆகும். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது தப்பி ஓடுவது என்று யோசிக்கிறவனுக்குத்தான் பிழைப்பு. கப்பலைச் சுற்றிக் கேடயம், அதற்குள் கவசம், அதற்கும் உள்ளே வெறும் உடல். மூன்றும் திரையில் வளைவு வளைவாகத் தெரியும். அடி விழ விழச் சிவக்கும்.

ஒருநாள் இவன் காவல் குறைந்த பகுதிக்குள் நுழைந்தான். வாசலிலேயே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஓடவிடாமல் பிடித்துவைக்கிற கருவி ஒன்றைப் போட்டு, அரை நிமிடத்தில் கப்பலை உடைத்துவிட்டார்கள். போன கப்பல் போனதுதான், திரும்ப வராது. ஒரு வாரம் உழைத்துச் சேர்த்தது. அவன் முகம் தொங்கிவிட்டது. என் வாயில் முதலில் வந்த கேள்வி, "இன்சூரன்ஸ் போட்டியா?"

எனக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் அடங்கல், சிட்டா, பாஸ்புத்தகத்தோடு என் கடை வாசலில் ஜனம் நிற்கிறது. அந்த விளையாட்டிலும் கப்பலுக்குக் காப்பீடு உண்டு. பிரீமியம் கட்டினால் 12 வாரத்துக்குச் செல்லும். கட்டாதவனுக்குக் கப்பல் மதிப்பில் 40 சதவீதம்தான். கப்பலில் பொருத்திய பீரங்கிக்கும் கருவிக்கும் எப்போதுமே கிடையாது. இவன் கட்டவில்லை. அன்று ராத்திரி, உடைந்த கப்பலின் கணக்குச் சீட்டை வரி வரியாகப் படித்தான்: எந்தப் பொருள் அழிந்தது, எது மிஞ்சி எதிரி கைக்குப் போனது, யார் எவ்வளவு அடித்தார்கள் என்று அதில் இருக்கிறது. மறுநாள் காலையில் கேட்டான்: "சித்தி, கஜா புயல்ல நம்ம தாத்தாவுக்கு இன்சூரன்ஸ் வந்துச்சா?" 2018இல் நடந்ததைப் பற்றி அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் பேசினோம்.

ஜிட்டா என்று அங்கே ஒரு பெரிய சந்தை. நுழைந்ததுமே, "அனுப்புகிற பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று அரட்டைப் பகுதியில் செய்தி கொட்டுகிறது. முதலில் கொஞ்சம் அனுப்பினான், இரட்டிப்பாக வந்தது. அடுத்து இருந்ததை எல்லாம் அனுப்பினான். அவ்வளவுதான். போனது விளையாட்டுக் காசு. இரட்டிப்பு என்ற சொல்லை நம்பி நிஜக் காசைத் தொலைத்த குடும்பம் நம் தெருவிலேயே இல்லையா? அந்தப் பாடத்தைப் பதினாறு வயதில் செலவில்லாமல் படித்துவிட்டான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆல்ஃபா கணக்கில் திறன்கள் பாதி வேகத்தில்தான் வளரும், ஓர் எல்லைக்கு மேல் வளரவும் வளராது. அதற்கு மேல் போக மாதச் சந்தா. 2022இல் அதை 15 டாலரிலிருந்து 20 டாலராக ஏற்றினார்கள். பிளெக்ஸ் என்ற பெயரில் நிஜப் பணம் உள்ளே போகவும் வழி இருக்கிறது. அதனால் என் வீட்டில் கார்டு, யுபிஐ எதுவும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொந்த விவரம் சொல்லக் கூடாது, ஒன்பதரைக்கு மேல் கணினி கிடையாது. இந்தக் கண்டிப்பு எல்லா வீட்டுக்கும் வேண்டும்.

ஆனால் உள்ளே சம்பாதித்ததை வெளியே ரூபாயாக எடுக்க நிறுவனம் அனுமதிப்பதில்லை. பந்தயம் கட்டி ஆடும் ரம்மியோடு இதை ஒரே பெயரில் அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. ரம்மி என்ன செய்யும் என்று என் கடையில் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கு விவரம் எடுக்க வந்த ஒரு தம்பி, பிரிண்டரிலிருந்து தாள் வர வர அதைக் கையால் மறைத்துக்கொண்டே நின்றான். 500, 1000, 500 என்று பக்கம் பக்கமாக. "அக்கா, அப்பா கேட்டா சொல்லிடாதீங்க" என்றான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்கூடப் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டு, போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் தனியே பிரித்து வைத்திருக்கிறது. சட்டம் பார்த்த வித்தியாசத்தை நம் தீர்மானம் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனித உயிரணுக்களின் நிஜப் படங்களை வகைப்படுத்தும் ஆராய்ச்சி வேலையை 2016இல் இந்த விளையாட்டுக்குள்ளேயே வைத்து, ஆடுகிறவர்களைச் செய்ய வைத்தார்கள். 2020இல் கொரோனா ஆராய்ச்சிக்கும் அப்படியே. இதைச் சொன்னபோது இவனுடைய உயிரியல் ஆசிரியையே ஆச்சரியப்பட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுங்கள். "எந்த ஆன்லைன் விளையாட்டும்" என்பதை "பணம் வைத்து ஆடும் எந்த விளையாட்டும்" என்று மாற்றுங்கள். மற்றதற்கு நேரக் கட்டுப்பாடு போடுங்கள், முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. வாருங்கள், இவனே உட்கார்ந்து காட்டுவான்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனின் சித்தி,
மன்னார்குடி