லோன் கார்டும் மாத்திரைச் சீட்டும் ஒரே மேசையில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடன் தொல்லை பற்றிய செய்திகளின் அடியில் '14416-ஐ அழையுங்கள்' என்று அரசின் மனநல ஆலோசனை எண்ணை ஒரு வரி போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் வியாழக்கிழமை சென்டர் மீட்டிங்கில், அதாவது குழுக்கடன் வசூல் கூட்டத்தில், வைக்க வேண்டிய தவணைக்கு அங்கே வழி கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் புகார் எண்ணான 14448-இல் தூக்கமின்மையைப் பற்றிப் பேச முடியாது. மனச்சோர்வில் இருப்பவரை இரண்டு வாசலுக்கு அலையவிட்டால் இரண்டாவது வாசலுக்குப் போகவே மாட்டார்.

மாவட்ட மனநலத் திட்ட வெளிநோயாளர் பிரிவில் வாரம் ஒருநாள் கடன் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுத்தாலே போதும். முதல் நாளே 'எல்லாப் பேப்பரையும் எடுத்து வாங்க' என்றால் ஆள் திரும்பி வரமாட்டார். பிரிக்காத நோட்டீஸ்கள் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கும், பார்த்தாலே படபடப்பு. வாரம் ஒரு கவர், அதையும் ஆலோசகர் முன்னால் பிரிக்கட்டும். பயப்படும் பொருளைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ள வைப்பது பதற்றச் சிகிச்சையில் பழகிய முறைதானே. எத்தனை கடன் என்றே நினைவில்லாதவருக்கு, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கை உதவும். தண்டலும் கைமாற்றும் அதில் வராது. கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது ஒரு கூட்டல். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் (அடமானமில்லாத சிறுகடன்) கொடுக்கும்போது, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. 18,000 வரும் வீட்டுக்கு 9,000தான் எல்லை. தாண்டியிருந்தால் கொடுத்தவர் மேலும் தப்பு இருக்கிறது. 'எல்லாம் என்னால்தான்' என்று குமைபவருக்கு நாலு ஆறுதல் வார்த்தையைவிட இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது மேல்.

வசூல் நேரத்தை ஆலோசகர்களே தப்பாகச் சொல்கிறார்கள். காலை 8 முதல் இரவு 7 வரை என்பது மற்ற கடன்களுக்கு. நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் தேதி, நேரம், போன் எண்ணைக் குறித்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கந்துவட்டிக்கு இது செல்லாது, அதற்குத் தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டித் தடைச் சட்டம், காவல் நிலையம்.

இங்கிலாந்தில் 2021 மே முதல், மனநல நெருக்கடிச் சிகிச்சையில் இருப்பவரிடம் சிகிச்சை முடிந்து 30 நாள் வரை வசூலை நிறுத்திவைக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே இல்லை. அப்படி ஒன்று வரும்வரை மருத்துவரின் அரைப்பக்கக் கடிதத்தைக் காட்டித் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். அதில் நோயின் பெயர் வேண்டாம். 'சிகிச்சையில் உள்ளார், இத்தனை வாரம் தேவைப்படும்' என்று இருந்தால் போதும்.

மனநலச் சமூகப் பணியாளர்,
திண்டுக்கல்