82 டிகிரியில் திறந்த பரிசு

பாளையங்கோட்டை
28 டிசம்பர்

அன்புள்ள நண்பா,

உன் பார்சல் 23ஆம் தேதி மாலை வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மனைவி. "இந்த வருடமாவது உங்கள் நண்பர் தின்பதற்கு எதையாவது அனுப்பியிருக்கிறாரா, இல்லை வழக்கம்போல இரும்புதானா?" என்று கேட்டுக்கொண்டே காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். கடகடவென்றது. "இரும்புதான்" என்று மேசையில் வைத்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். இரும்பில்லை, பித்தளை என்று பிரித்துப் பார்த்தபின் நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் நீ எழுதியிருந்த கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் கேட்டதுபோல ஒரு வரி இருந்தது. காலையில் வண்டியை எடுத்தால் எவ்வளவு தூரம் போனபிறகு சோக்கை, அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித்தரும் அந்தக் குமிழை, உள்ளே தள்ளுகிறாய் என்று. நானும் வெள்ளந்தியாக, ஈரடுக்குப் பாலம் ஏறும்வரை இழுத்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் இருமுகிறது என்று பதில் எழுதினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் விளக்குக் கரிபோல மை அப்பியிருக்கிறது என்றும் எழுதியதாக நினைவு. அதை வைத்தே நோயைக் கண்டுபிடித்து, மருந்தையும் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டாய். திறந்தால் தெர்மோஸ்டாட்! எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் அந்தச் சின்ன வால்வு. கூடவே அதன் மூடிக்கு கேஸ்கெட் இரண்டு. ஒன்றை நான் கிழித்துவிடுவேன் என்பதையும் எதிர்பார்த்திருக்கிறாய். கிழித்தேன்.

என் ஹெரால்டு காரில் தெர்மோஸ்டாட் இல்லாமல் போன கதை உனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு கோடைக் காலத்தில் வண்டி கொதித்தது. அப்போது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "இது குளிர் நாட்டுக்காரனுக்கு வைத்தது சார், நம் ஊர் வெயிலுக்கு எதற்கு?" என்று சொல்லி, பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். கொதிப்பு நின்றதா என்றால் நிற்கவில்லை. ரேடியேட்டரில் அடைப்பு இருந்தது, அதைக் கழுவியபிறகுதான் நின்றது. ஆனால் பிடுங்கியது பிடுங்கியதாகவே போயிற்று. நானும் முப்பது வருடமாக அதையே வேதவாக்காக எல்லோருக்கும் ஓதிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் பாதிப் பழைய வண்டிகளுக்கு இந்தக் கதிதான். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் சூடேறுவதற்குள் பாதி ஊர் தாண்டிவிடுகிறது, அதுவரை சோக்கில் பெட்ரோலைக் குடிக்கிறது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததுதானே. தெரிந்தும் என் வண்டிக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

புதுச் சாமானைச் சோதிக்காமல் மாட்டக்கூடாது என்பது உன் பாடம். ஆகவே 24ஆம் தேதி மதியம், வீட்டில் இருந்த சிறிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் தெர்மோஸ்டாட்டைக் கட்டி, அடியில் தட்டாமல் தொங்கவிட்டேன். பக்கத்தில் வெப்பமானி. அடுத்த அடுப்பில் அச்சுமுறுக்கு வெந்துகொண்டிருந்தது. என் மனைவி அச்சை எண்ணெயில் முக்கி எடுத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறுவதும், நான் நூலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பதுமாக இருவரும் ஒரே அடுப்படியில் நின்றோம். 70 ஆயிற்று, அசையவில்லை. 80 ஆயிற்று, கல்போல இருந்தது. அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தார்கள். முள் அந்தக் கோட்டைத் தொட்டது. தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே முதலில் ஒரு மயிரிழை. அதிலிருந்து ஒரே ஒரு குமிழி மேலே வந்தது. பிறகு யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல மெதுவாகத் திறந்தது. உள்ளே அடைத்துவைத்த மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். மின்சாரம் கிடையாது, ஒயர் கிடையாது. அடுப்பை அணைத்ததும் சொன்னபடி மூடிக்கொண்டது. இன்னொருமுறை செய்துபார்க்கலாமா என்று கேட்டபோதுதான் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா?" என்றாள்.

நடந்திருக்கிறது என்றேன். 1893ஆம் வருடம், இதே டிசம்பர் 24ஆம் தேதி, டெட்ராய்ட்டில் பாக்லி அவென்யூ வீட்டில் ஹென்றி ஃபோர்டு தன் முதல் பெட்ரோல் எஞ்சினை இதே மாதிரி சமையலறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். உருளை ஒரு பழைய குழாய்த் துண்டு, ஃபிளைவீல் ஒரு லேத்தின் சக்கரம். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதை இறுக்கிப் பிடிக்க வைத்து, தீப்பொறிக்கு வீட்டு விளக்கிலிருந்து ஒயர் இழுத்தார். மறுநாள் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கிளாரா, பக்கத்தில் நின்று துளித்துளியாகப் பெட்ரோல் ஊற்றினாராம். எஞ்சின் ஓடியது, தொட்டி அதிர்ந்தது. ஏழு வாரக் கைக்குழந்தை எட்செல் அதே வீட்டில் இருந்தான். எங்கள் வீட்டில் வெறும் வெந்நீர்தான் கொதிக்கிறது என்று முடித்தேன்.

"அந்த அம்மா முறுக்குச் சுட்டிருக்க மாட்டார்கள்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

நீ பென்ஸ் கட்சிக்காரன் என்பது எனக்குத் தெரியும். 1879 டிசம்பர் 31 இரவு, சாப்பாடு முடிந்து, இன்னொருமுறை முயன்று பார்க்கலாமே என்று பெர்தா அழைத்துப்போக, மன்ஹைம் பட்டறையில் கார்ல் பென்ஸின் எஞ்சின் முதன்முதலாக விடாமல் ஓடியதை நீ வருடாவருடம் புத்தாண்டு வாழ்த்தோடு எழுதுவாய். இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன், நீ எழுத வேண்டாம்.

அன்று மாலையே மாட்டினேன். ஹெரால்டின் பெருமையே அந்த போனட்தான். மட்கார்டோடு சேர்த்து முழு மூக்கும் முன்பக்கம் கவிழ்ந்துவிடும், முன்டயர்மேல் முக்காலியில் உட்கார்வதுபோல உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மிகெலோட்டி என்கிற இத்தாலியர் வரைந்த வண்டி, இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் 1959இல் வந்து, இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் சென்னைக்குப் பக்கத்தில் உருவான வண்டி. உன் பியட் பத்மினி பம்பாய்க்காரி, என்னுடையது உள்ளூர்ப் பெண் என்று நான் பீற்றிக்கொள்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. 25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் புறப்பட்டபோது நல்ல பனி. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். தெரு முனை திரும்பி, எங்கள் கோவிலின் ஊசிக் கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே சோக்கை உள்ளே தள்ளிவிட்டேன். இருமல் இல்லை. பின்சீட்டில் இருந்த என் மனைவி எதையும் கவனிக்கவில்லை. எனக்கோ முதல் பாட்டு முடியும்வரை மனம் கோவிலுக்குள் வரவில்லை.

மற்ற பரிசுகளையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்த மகன், டயருக்குக் காற்றடிக்கும் சிறிய மின்பம்ப் வாங்கி வந்தான். எண்கள் ஒளிர்கின்றன, வேண்டிய அழுத்தம் வந்ததும் தானாக நிற்கிறது, இரவில் வெளிச்சமும் தருகிறது. நல்ல சாமான்தான். ஆனால் பையன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த வேகத்திலேயே நான் டேஷ்போர்டுக்கடியில் வைத்திருக்கும் சிகரெட் லைட்டர் துளையில் சொருகப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னுடையது 1964 மாடல், பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு இணைந்திருக்கிறது. இந்தக் காலத்துச் சாமான் எதைச் சொருகினாலும் மின்சாரம் தலைகீழாகப் பாயும். இதே துளையில் என் மருமகளின் செல்போன் சார்ஜர் இரண்டு வருடத்துக்கு முன் புகைந்து உயிரை விட்டது உனக்கு நினைவிருக்கும். நல்லவேளையாக பம்போடு இரண்டு கிளிப் கொடுத்திருந்தார்கள். பிளஸ்ஸுக்கு சிவப்பு, மைனஸுக்கு கறுப்பு என்று நேரே பேட்டரியில் மாட்டினால் அதற்கு எர்த் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. நான்கு டயருக்கும் அடித்துக் காட்டினான். "அப்பா, இதையும் நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடலாமே" என்றான். மாற்றலாம், பெரிய வேலையுமில்லை. ஆனாலும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பெரியவருக்கு இடதுகைப் பழக்கம் இருந்தால், எழுபது வயதுக்குமேல் திருத்தவா போகிறோம்?

மருமகள் மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன் கொடுத்தாள், மஞ்சளும் நீலமுமாக. என் மனைவியோ, என் பழைய வேட்டி ஒன்றைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். போன வருடம், ஓரத்து நூல் பிரிந்து வைப்பரில் சிக்கிக்கொள்கிறது என்று நான் முணுமுணுத்ததை ஞாபகம் வைத்திருக்கிறாள். இருபது வருடம் துவைத்த வேட்டியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. இதை மருமகள் எதிரில் சொல்லவில்லை. மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு, அவள் உள்ளே போனதும் வேட்டித் துணியால் இன்னொருமுறை துடைத்தேன்.

நான் கொடுத்தவற்றில் ஒன்றுதான் சொல்லத்தக்கது. சபையில் எங்கள் ஆண்கள் குழுவில் இந்த வருடமும் கிறிஸ்மா – கிறிஸ் சைல்டு குலுக்கல். யாருக்கு நாம் பரிசளிக்கப்போகிறோம் என்பதைக் கடைசிநாள்வரை மறைத்துவைக்கும் அந்த விளையாட்டு உனக்குத் தெரியும். எனக்கு வந்த சீட்டு, மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். மாருதி 800 வைத்திருக்கிறார், பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி இன்றும் வைத்திருக்கும் ரகம். ஆனால் டயர் மட்டும் கருங்கல். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்குவதைப் பார்த்தால் நம் முதுகு வலிக்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் பாட்டுப்புத்தகம் எடுக்க உள்ளே போன நேரத்தில் காற்றழுத்தம் பார்க்கும் என் கேஜை வைத்து அளந்தேன். ஒருமுறைகூட 40 பவுண்டுக்குக் கீழே இல்லை! பிறகு அந்த கேஜையே புதிதாக ஒன்று வாங்கி, அவர் வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கொடுத்தேன். பிரித்தவர், "என் டயரைத் திருட்டுத்தனமாக அளந்த ஆள் நீங்கள்தானா? வால்வு மூடி ஒன்றைக் காணோம்" என்றார். என் சட்டைப்பையில்தான் இருந்தது.

இனி உன் விஷயம். உன் பத்மினியில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் ராடுக்கு நான் அனுப்பிய பித்தளை புஷ்கள், அந்தச் சின்ன வளையங்கள், பொருந்தினவா? ராடு ஆடுகிறது, இரண்டில் போட்டால் ரிவர்ஸுக்குப் போய் முட்டுகிறது என்று நீ எழுதியதை வைத்து, நீ தந்த அளவில் இங்கே லேத்தில் கடைந்து வாங்கினேன். கோயம்புத்தூருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கடைசல் சாமான் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் உன் ஊர்க்காரர்கள் ஆயிரம் உருப்படி கேட்டால்தான் எழுந்திருப்பார்கள் என்று நீதானே அலுத்துக்கொண்டாய்? இங்கே கடைந்து கொடுத்தவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. ஆறு புஷ்ஷுக்காக அரை நாள் உட்கார்ந்தார். எந்த வண்டி என்று கேட்டார். பியட் என்றதும், "அதற்கா, சரி" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. காசு வாங்கும்போது மட்டும் ஒரு முறை புஷ்ஷை விரலில் மாட்டி மோதிரம்போலச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

பொங்கல் கழித்து அங்கே வருகிறேன், ஹெரால்டிலேயே. அவினாசி சாலை கார் மியூசியத்துக்கு இன்னொருமுறை போகவேண்டும். போனமுறை பாதியிலேயே உனக்குப் பசி வந்துவிட்டது. என் மனைவியும் வருகிறாள். தெர்மோஸ்டாட் வெந்த பாத்திரத்தில் இனி பால் காய்ச்ச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், ஆகவே அவளுக்குப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன். பழையது கார் ஷெட்டுக்கு வந்துவிட்டது. நெடுநாளாக எனக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு முந்திரிக்கொத்தும் முதலூர் மஸ்கோத்து அல்வாவும் அனுப்பியிருக்கிறேன். அடியில் இருக்கும் வட்ட டப்பாவை மட்டும் பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. அது புஷ்ஷுக்குப் பூசவேண்டிய கிரீஸ். நிறம் ஏறக்குறைய மஸ்கோத்துதான்.